பெரம்பூர் மாடியில் அமெரிக்க அதிபர்கள்: வகுப்பு தேறுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வகுப்புக்குக் கட்டிய 1,200 ரூபாயில் எனக்கு வருத்தமில்லை, நோட்ஸ் என்று தனியாக வாங்கிய 150 ரூபாயில் உண்டு. பெரம்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், இரண்டாவது மாடியில், ஐந்து ஞாயிற்றுக்கிழமை நடந்த வகுப்பு. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தொடங்கி டிரம்ப் வரை, உள்நாட்டில் என்ன செய்தார்கள், வெளிநாட்டில் என்ன செய்தார்கள் என்பதுதான் பாடம். வந்தவர்களில் பாதி யு.பி.எஸ்.சி. பிள்ளைகள், மீதி என்னைப் போல ஞாயிறு மதியம் வீட்டில் இருப்புக்கொள்ளாதவர்கள். ஏ.சி. கிடையாது. மின்சார ரயில் போகும்போதெல்லாம் சார் பேச்சை நிறுத்துவார், சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்தே தொடர்வார், முப்பது வருடம் கல்லூரியில் வரலாறு நடத்திய பழக்கம் போல.

முதல் நாள் கரும்பலகையில் ஒரு பீரோ வரைந்தார். "வீட்டுக்குப் பெரியவர் அதிபர். ஆனா பீரோ சாவி யாருகிட்ட? காங்கிரஸ்கிட்ட." பின்வரிசைப் பையன் ஒருவன் "நம்ம காங்கிரஸா சார்?" என்று கேட்டுவிட, அடுத்த ஐந்து நிமிடம் வகுப்பு நடக்கவில்லை. சரி, விஷயம் இதுதான்: சட்டமும் பணமும் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் கையில், வெளிநாட்டு ஒப்பந்தத்துக்கு அதன் மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், ஆனால் படைக்குத் தலைவர் அதிபர். அதனால் வீட்டுக்குள் கெஞ்சுகிற ஆள் வாசலைத் தாண்டினால் மீசையை முறுக்கலாம். ரூஸ்வெல்ட் 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர காங்கிரஸின் ஓட்டு தேவைப்பட்டது. இறக்குமதி வரியோ வேறு கதை. 1930-இல் காங்கிரஸே வரியை ஏகத்துக்கும் உயர்த்தி, மற்ற நாடுகளும் பதிலுக்கு உயர்த்தி, கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, 1934-இல் அந்தச் சாவியில் ஒரு பங்கை ரூஸ்வெல்ட்டிடம் கொடுத்தது. "கொடுத்த சாவிய அப்புறம் கேட்டு வாங்கவே இல்ல" என்றார் சார். 2025 ஆகஸ்ட்டில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி என்று டிரம்ப் அறிவித்தபோது ஓட்டெடுப்பே நடக்கவில்லை, 1977-ஆம் ஆண்டின் அவசரகாலப் பொருளாதாரச் சட்டத்தைக் காட்டினார். இதைச் செய்தியில் படித்தபோது எனக்குப் புரியவில்லை, பீரோவைப் பார்த்ததும் புரிந்தது.

இரண்டாவது ஞாயிறு ஜான்சன். இந்த ஒரு வகுப்புக்கே காசு தகும். 1965-லும் 66-லும் மழை பொய்த்து, இந்தியா அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நின்ற காலம். பி.எல். 480 என்ற அந்த உணவு உதவித் திட்டம் 1954-இல் ஐசனோவர் கையெழுத்திட்டது. ஜான்சன் மொத்தமாக ஒப்பந்தம் போடாமல், விவசாயத்தைக் கவனியுங்கள் என்று சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாக, மாதக் கணக்கு வைத்து விடுவித்தார், வியட்நாம் போரை நம் ஆட்கள் விமர்சித்த கோபமும் அதில் கலந்திருந்தது. தண்டையார்பேட்டை ரேஷன் கடையில் அரிசிக்கு வரிசையில் நின்று கோதுமையோடு திரும்பிய கதையை என் பாட்டி சொல்லியிருக்கிறாள், அதைச் சோறாக வடிக்கப் பார்த்து, கஞ்சியும் ஆகாமல் சோறும் ஆகாமல் போனதைச் சொல்லிச் சிரிப்பாள். அந்தப் பஞ்ச நேரத்தில்தான், 1967 தேர்தலில், அண்ணா ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றார். வாஷிங்டன் ஃபைலையும் பாட்டியின் பானையையும் ஒரே நூலில் கோத்துக் காட்ட ஒருவர் வேண்டும், சார் கோத்தார்.

அதே ஜான்சன்தான் 1964-இல் இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடிமை உரிமைகள் சட்டத்தை நிறைவேற்ற, செனட்டர்களை ஒவ்வொருவராகப் பிடித்து உலுக்கினார், 1965-இல் கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம், முதியோருக்கு மெடிகேர் என்ற மருத்துவக் காப்பீடு, அதே ஆண்டு அக்டோபரில் நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த குடியேற்றச் சட்டம். அதற்கு முன் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர்தான் ஒதுக்கீடு! நம் தெருவில் இன்று நியூஜெர்சி மகன் இல்லாத வீடு எத்தனை?

நிக்சன் வகுப்பும் நன்றாகவே போனது. 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின்போது, எண்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிப் போர்க்கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பி நம்மை மிரட்டிய அதே ஆள்தான், அதற்குச் சரியாக ஓராண்டு முன் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையை உருவாக்கித் தூய காற்றுச் சட்டத்தில் கையெழுத்திட்டவர். எண்ணூரிலிருந்து வரும் பெண் "எங்க ஏரியாவுக்கும் ஒரு நிக்சன் வேணும் சார்" என்றாள். "பாதி நிக்சன் போதும்மா" என்றார் சார். காற்றின் மேல் நிக்சனுக்குப் பாசம் ஒன்றும் இல்லை, மக்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்திருந்தார்கள். 1972-இல் தூய நீர்ச் சட்டம் வந்தபோது செலவு அதிகம் என்று தடுத்தார், காங்கிரஸ் அதை மீறி நிறைவேற்றியது. மறுபடி பீரோ.

ரீகன் அன்று சண்டை. முன்வரிசையில் ஒரு பெரியவர், பி அண்ட் சி துணி மில்லில் வேலை பார்த்தவர், எல்லா வாரமும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். 1981 ஆகஸ்ட்டில் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கு 48 மணி நேரம் கெடு கொடுத்து, திரும்பாத 11,000-க்கும் மேற்பட்டவர்களை ரீகன் வேலையை விட்டு அனுப்பியதைச் சார் சொன்னதும் எழுந்துவிட்டார். "ஐயா, அவரே நடிகர் சங்கத் தலைவரா இருந்தவரு இல்ல?" ஆமாம், இருந்தவர்தான். போதாததற்கு, வேலை போன அந்தக் கட்டுப்பாட்டாளர்களின் சங்கம் 1980 தேர்தலில் ரீகனைத்தான் ஆதரித்தது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த பேட்டையில் இதைச் சொல்லிவிட்டு நேரத்தோடு வகுப்பை முடிக்க முடியுமா, நாற்பது நிமிடம் கூடுதலாகப் போனது, யாரும் எழுந்து போகவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். கடைசி ஞாயிறு சொதப்பல். கிளிண்டன், புஷ், ஒபாமா, டிரம்ப் நால்வரையும் இரண்டரை மணி நேரத்தில் திணித்தார்கள். ஒபாமாவின் 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு மூன்று நிமிடம், கடிகாரம் பார்த்தேன். ஈரான் அணு உடன்பாடு மட்டும் தெளிவாக வந்தது: 2015-இல் செனட் ஒப்புதல் கேட்காமல் செய்தது, அதனால்தான் 2018-இல் டிரம்ப் ஒற்றைக் கையெழுத்தில் விலக முடிந்தது. 2003 இராக் போர் ஓடியே போய்விட்டது. மழையால் ரத்தான ஒரு மணி நேரத்தை ஈடுகட்டுவதாகச் சொன்ன நிர்வாகம் அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை, நாமாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார்கள். அந்த நோட்ஸ் சாருடையது இல்லை, எங்கிருந்தோ எடுத்து ஜெராக்ஸ் போட்டது. முதியோருக்கான மெடிகேரும் ஏழைகளுக்கான மெடிகெய்டும் ஒன்றே என்கிறது, சுற்றுச்சூழல் முகமையைக் கார்ட்டர் கணக்கில் எழுதியிருக்கிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இதை நம்பி எழுதினால் என்ன ஆகும்?

என் கணக்கில் ஐந்துக்கு மூன்றரை, சாருக்கு மட்டும் என்றால் நாலரை. சேர்கிறவர்கள் ஜன்னல் பக்க பெஞ்சைப் பிடியுங்கள், தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள், கீழே டீக்கடை ஞாயிறு மாலை நான்குக்குத்தான் திறக்கிறது. நோட்ஸ் வாங்க வேண்டாம். என்னுடையது இருக்கிறது, பிழைகளைப் பச்சை மையில் திருத்தி வைத்திருக்கிறேன், ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தால் போதும்.