பால்கட்டுக்கு ஒத்தடப் பை: ராகியா, கொள்ளா?

தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் இரண்டும் கைக்கெட்டும் தானியங்கள். தாய்ப்பால் கட்டி வலிக்கும் மார்பில், தானியம் நிரப்பிச் சூடாக்கி வைக்கும் பைக்கு எங்கள் தேர்வு ராகி.

மணியின் அளவுதான் காரணம். ராகி பொடிமணி, மணல்போல் நகர்ந்து மார்பின் வளைவில் இடைவெளியின்றிப் படியும். கொள்ளு தட்டையானது, பெரியது. கட்டியிருக்கும் இடத்தில் அழுத்தி உறுத்தும், நடுவே காற்று நிற்பதால் சூடும் திட்டுத்திட்டாக ஏறும். பூச்சியிலும் ராகியே மேல்: கொள்ளில் வண்டு சீக்கிரம் விழும்.

கொள்ளுக்கு ஒரு வசதி, தையல் வழியே சிந்தாது. ராகிக்கு நெருக்கமான இரட்டைத் தையல் வேண்டும். நிரப்புமுன் சலித்துத் தூசியும் நீக்க வேண்டும்.

தைக்கும் அளவு: பருத்தித் துணியில் 17 செ.மீ. வட்டம் இரண்டு, நடுவில் 3 செ.மீ. துளை. தைத்தபின் துளை அகலும். காம்பில் சூடு படாது. ஆறு அறைகளாகப் பிரித்து, மொத்தம் 150 கிராம் போடுங்கள். பிதுங்க நிரப்பினால் பை வளையாது. நைலான் கலந்த துணி உருகும். வெளியுறை தனியாக இருந்தால் துவைக்கலாம். ராகி நனைந்தால் பூசணம்தான்.

மைக்ரோவேவில் 30 விநாடி, குலுக்கி இன்னொரு 15. இல்லையென்றால் தோசைக்கல்லைச் சூடாக்கி, அடுப்பை அணைத்தபின் பையைப் புரட்டி எடுங்கள். உள்மணிக்கட்டில் இதமாக இருந்தால் மட்டும், பால் கொடுக்குமுன் ஐந்து நிமிடம். கொடுத்தபின் வீக்கத்துக்குக் குளிர் ஒத்தடமே நல்லது. காய்ச்சலோ பரவும் சிவப்போ இருந்தால் பையைத் தவிர்த்து மருத்துவரிடம் போங்கள்.