ஸ்ட்ரைக் என்று மெயில் வந்தால் அந்த நீலப் பட்டனைத் தொடாதீர்கள்

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். திருக்கடையூரில் ஞாயிறு காலை முகூர்த்தம். நாங்கள் இருப்பது பெர்லினில். நான், மனைவி, நாலு வயது மகள் மூன்று பேருக்கும் புதன்கிழமை விமானம், நடுவில் ஓரிடத்தில் மாறிச் சென்னை. ஒரு டிக்கெட் தளத்தில் போட்டது, மொத்தம் 2,050 யூரோ.

செவ்வாய் மாலை ஏழே முக்காலுக்கு மெயில் வந்தது. பெட்டியைக் குளியலறை எடைமெஷினில் நிறுத்தி, 23 கிலோவைத் தாண்டுகிறதே என்று சாக்லேட் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். விமான நிறுவனத்தின் சொந்தப் பணிப்பெண்களும் பணியாளர்களும் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம், உங்கள் விமானம் ரத்து, வருந்துகிறோம். கீழே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நீலப் பட்டன்: 'பணத்தைத் திரும்பப் பெற'. அதற்கும் கீழே, சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவுக்கு இன்னொரு வரி: 'மாற்றுப் பயணம்'.

ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டேன். ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் பியானோ வாசித்தார்கள், பிறகு லைன் கட். அதற்குள் ஊரிலிருந்து அம்மா: "என்னடா, பிளேன் இல்லையாமே? அப்பா சாப்பிடாம உக்காந்திருக்காருடா." மற்ற விமானங்களின் விலை பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் கைக்குக் காசு வரட்டும் என்று நீலப் பட்டனை அமுக்கினேன். வேறொரு நிறுவனத்தில் வெள்ளி இரவுக்கு மூன்று டிக்கெட், 2,900 யூரோ. சனி இரவு சென்னையில் இறங்கி, அங்கிருந்து கார் பிடித்து, ஞாயிறு விடியற்காலை நாலரைக்குத் திருக்கடையூர். அப்பா எங்களைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் குளிக்கப் போனார்.

என் தவறு எது என்று பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 261/2004 என்று ஒரு விதி இருக்கிறது, 2005 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில். விமானம் ரத்தானால் தேர்வு பயணியுடையது: ஒன்று பணம் திரும்ப, இல்லையென்றால் முடிந்த அளவு சீக்கிரமாக மாற்று வழியில் ஊர்போய்ச் சேர்தல். மாற்று என்றால் அவர்களுடைய விமானம் மட்டும் இல்லை. அதில் சீக்கிரம் இடமில்லை என்றால் மற்ற நிறுவனங்களின் விமானத்தையும் பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020-ல் சொல்லியிருக்கிறது. அதாவது நான் 2,900 கொடுத்து வாங்கிய அதே இருக்கைகளை அவர்கள் செலவில் கேட்டிருக்கலாம். பணம் போதும் என்று பட்டனை அமுக்கிய நொடியிலேயே நம்மைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு அவர்களுக்கு இல்லாமல் போய்விடுகிறது. வழியில் மாட்டிக்கொண்டிருந்தால் சாப்பாடும் ஹோட்டலும்கூட அதோடு நின்றுவிடும். எந்தப் பட்டன் பெரிசாக இருந்தது என்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

அப்புறம் நஷ்டஈடு. டிக்கெட் பணம் வேறு, இது வேறு. 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, ஐரோப்பாவுக்கு வெளியே 3,500-க்கு மேல் போனால் 600, ஆளுக்கு. பதினான்கு நாளுக்குக் குறைவான அவகாசத்தில் ரத்து செய்தால் பொதுவாக இது உண்டு. டிக்கெட் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டாலும் இது போய்விடாது. 'அசாதாரண சூழ்நிலை' என்று அவர்கள் நிரூபித்தால்தான் தப்பலாம். நான் விண்ணப்பித்தேன். நான்கே வரியில் பதில்: "வேலைநிறுத்தம் எங்கள் கட்டுப்பாட்டை மீறியது, ஆகவே இழப்பீடு இல்லை. நல்லெண்ண அடிப்படையில் 100 யூரோ வவுச்சர்." நானும் சரி, ஸ்ட்ரைக்குக்கு யார் என்ன செய்ய முடியும் என்று எட்டு மாதம் சும்மா இருந்தேன். வவுச்சரை ஏற்காமல் விட்டது மட்டும் என் அதிர்ஷ்டம். கையெழுத்திட்டுச் சம்மதித்தால் ஒழிய இழப்பீட்டை வவுச்சராகத் தரக் கூடாது என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

ஆபீஸில் ஒரு போலந்துக்காரர்தான் மதியச் சாப்பாட்டின்போது கேட்டார்: "யாருடைய ஸ்ட்ரைக்?" எல்லாம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. விமானக் கட்டுப்பாட்டு அறைக்காரர்களோ விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை ஊழியர்களோ நிறுத்தினால், அது பொதுவாக நிறுவனத்தின் கையில் இல்லாதது, நஷ்டஈடு கிடைக்காது. (அப்போதும் மாற்றுப் பயணம், சாப்பாடு, தங்குமிடம் உண்டு. அதையும் சேர்த்து இல்லை என்பார்கள், நம்பாதீர்கள்.) நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் சம்பளத்துக்காக நிறுத்தினால் கதை வேறு. 2019 ஏப்ரல் கடைசியில் எஸ்.ஏ.எஸ். என்ற விமான நிறுவனத்தின் விமானிகள் ஸ்வீடன், நார்வே, டென்மார்க்கில் ஒரு வாரம் வேலையை நிறுத்தியதில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. மால்மோவிலிருந்து ஸ்டாக்ஹோம் போக வேண்டிய ஒரு பயணியின் 250 யூரோவுக்காக நடந்த வழக்கில், 2021 மார்ச் 23 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சம்பளப் பேச்சுவார்த்தை ஒரு நிறுவனத்தின் அன்றாட வேலை, அதில் வரும் முறையான வேலைநிறுத்தம் அசாதாரணம் ஆகாது. வழக்கு எண் சி-28/20. எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே, 2016-ல் டுயிஃப்ளை என்ற ஜெர்மன் விமான நிறுவனத்தின் ஊழியர்கள் நிர்வாகத்தின் மறுசீரமைப்பு அறிவிப்பைக் கேட்டதும் கூட்டமாக உடம்பு சரியில்லை என்று லீவு போட்ட விவகாரத்திலும், 2018-ல் இதே திசையில்தான் தீர்ப்பு வந்தது.

அந்த எண்ணைப் போட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இரண்டு மாதம் கழித்து, ஜெர்மனியில் பயணிகளுக்காக இருக்கும் சமரச அமைப்புக்குப் போனேன். நமக்குக் கட்டணம் கிடையாது. கிடைத்தது: மூன்று பேருக்கும் சேர்த்து 1,800 யூரோ. இதையே முடித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் கம்பெனிகள் நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்கிறார்கள். நேரமே இல்லாதவர்களுக்குச் சரி, மற்றபடி வேண்டாம். ஜெர்மனியில் உரிமை கோர, விமானம் ரத்தான ஆண்டு முடிந்ததிலிருந்து மூன்று வருடம் இருக்கிறது. நான் தூங்கிய எட்டு மாதம் அதனால்தான் மன்னிக்கப்பட்டது.

மாற்று டிக்கெட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்த 850 மட்டும் போனது போனதுதான். நானே பட்டனை அமுக்கியதற்கு அவர்களிடம் பதிவு இருக்கிறது.

நம் ஆட்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒன்று. இந்த விதி பாஸ்போர்ட் பார்ப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் கிளம்பினால் வளைகுடா விமானம் ஆனாலும் பொருந்தும். சென்னையிலிருந்து திரும்பும்போதோ, ஐரோப்பிய நிறுவனம் என்றால்தான் பொருந்தும். இந்திய விதிகளை நம்ப முடியாது. அங்கே விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நஷ்டஈட்டிலிருந்து விலக்குத் தரும் காரணங்களில் வேலைநிறுத்தத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறது.

டிக்கெட் தளம் இன்னொரு கதை. ஏழு நாளில் வர வேண்டிய பணம் ஐந்து வாரம் கழித்து வந்தது, அதிலும் ஆளுக்கு 25 யூரோ 'சேவைக் கட்டணம்' பிடித்தம். விமான நிறுவனம் ஏஜென்டைக் கேள் என்கிறது, ஏஜென்ட் விமான நிறுவனத்தைக் கேள் என்கிறார். 75 யூரோ இன்னும் வரவில்லை. மூன்றாவது கடிதத்தை நேற்றுத்தான் தபாலில் போட்டேன், பதிவுத் தபாலில்.