லவ்வர்ஸா, ஓவர்குக்டா? ஒரே சோஃபாவில் விளையாட எது நல்லது

வீட்டில் ரெண்டு கன்ட்ரோலர் இருக்கிறது, பக்கத்தில் உட்கார ஆளும் இருக்கிறது, என்ன வீடியோ கேம் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் ரெண்டு பெயர் சொல்வேன். ஒன்று, டொரான்டோவின் ஆஸ்டிராய்டு பேஸ் என்ற கேம் நிறுவனம் 2015இல் வெளியிட்ட 'லவ்வர்ஸ் இன் எ டேஞ்சரஸ் ஸ்பேஸ்டைம்'. இன்னொன்று, இங்கிலாந்தின் கோஸ்ட் டவுன் கேம்ஸ் 2016இல் கொண்டுவந்த 'ஓவர்குக்டு'. முதலாவதைச் செய்தவர்கள் மூன்று பேர், அடுத்ததைச் செய்தவர்கள் இரண்டே பேர். இரண்டும் வந்தபோது ஆன்லைன் வசதி கிடையாது. விளையாட வேண்டுமென்றால் ஒரே அறையில் இருந்தாக வேண்டும்.

ஓவர்குக்டில் வேலை ரொம்ப எளிது. மூன்று வெங்காயத்தை நறுக்கிப் பானையில் போட்டு, வெந்ததும் தட்டில் ஊற்றிக் கொடுத்தால் சூப். ஆனால் சமையலறை சும்மா நிற்காது. ஒரு லெவலில் அது ஓடும் லாரிகளில் பிரிந்து கிடக்கும். லாரிகள் விலகிவிட்டால் வெங்காயம் அந்தப் பக்கம், அடுப்பு இந்தப் பக்கம். என் தங்கை தொட்டியில் தட்டு கழுவிக்கொண்டிருப்பாள், நான் "தட்டு, தட்டு!" என்று கத்துவேன், அதற்குள் பானை தீப்பிடித்துவிடும். நான்கு பேர் சேர்ந்தால் இதைவிடக் கலகலப்பான கேம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் கடிகாரம் ஓடுவதால் கை பழகாதவர்மேல்தான் பழி விழும். கேமுக்குப் புதிதான அம்மாவையோ சின்னப் பையனையோ முதல் நாளே இதில் உட்காரவைக்க எனக்கு மனம் வராது.

லவ்வர்ஸ் அப்படியில்லை. உருண்டையான ஒரு விண்கப்பல், உள்ளே ஏணிகள், அறைகள். ஓட்ட ஒரு இருக்கை, கேடயத்துக்கு ஒன்று, நான்கு திசைக்கும் நான்கு பீரங்கி. இருப்பதோ ரெண்டு பேர். ஓட்டுபவரால் சுட முடியாது. கேடயம் கப்பலின் ஒரு பக்கத்தை மட்டும்தான் மறைக்கும், அதையும் யாராவது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வலப்பக்கம் எதிரி வந்தால் யாரோ ஒருவர் இருக்கையை விட்டு ஏணியில் ஓடியாக வேண்டும், யார் என்பதை அந்த நொடியில் முடிவு செய்ய வேண்டும். முதலில் "நீ போ", "நான் போறேன்" என்று சொல்லிக்கொண்டே ஆடினோம். ஒரு வாரம் கழித்து, நான் கப்பலைத் திருப்பும்போதே தங்கை கேடயத்துக்கு ஓடியிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒரு கணத்துக்காகவே இதை ஒரு படி மேலே வைக்கிறேன்.

தனியாக ஆட ரெண்டிலும் வழி உண்டு. ஓவர்குக்டில் ஒருவரே ரெண்டு சமையல்காரரை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். அது எனக்குச் சலிப்புதான். லவ்வர்ஸில் நாயோ பூனையோ துணைக்கு வரும், சொன்ன இருக்கைக்கு ஓடும். அது பரவாயில்லை.

அப்புறம், 2018இல் வந்த 'ஓவர்குக்டு 2' ஆன்லைனைச் சேர்த்தது. சமையல் பொருளை ஒருவருக்கொருவர் தூக்கி எறியவும் முடிந்தது. வெளியூரில் இருக்கும் சித்தப்பா பையனோடு ஒரு ராத்திரி ஆடினேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சோஃபாவில் தங்கை கன்ட்ரோலரை இறுக்கிப் பிடிப்பது ஓரக்கண்ணில் தெரியும். பானை கருகப் போகிறது என்று அதிலேயே புரிந்துவிடும். ஹெட்செட்டில் அது தெரியவில்லை. ரெண்டு பேர்தான் என்றால் லவ்வர்ஸ் வாங்குங்கள். லீவுக்குச் சொந்தக்காரப் பிள்ளைகள் மூன்று நான்கு பேர் கூடும் வீடென்றால் ஓவர்குக்டு.