‘ஆசிட் ஃப்ரீ’ என்று காசு வாங்கி ரப்பர் பசையில் ஒட்டிய ஃப்ரேம் கடை

பழைய போட்டோவை ஃப்ரேம் போடக் கொடுக்கப் போகிறவர்கள், அதிலும் வேறு பிரதி இல்லாத படத்தை வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கோவையில் எங்களுக்கு நடந்தது. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

கொடுத்தது 1962-இல் ஸ்டுடியோவில் எடுத்த தாத்தா பாட்டியின் கல்யாணப் படம். கறுப்பு வெள்ளை, கனமான காகிதம். பின்பக்கத்தில் தேதியையும் உடன் நிற்கும் நான்கு பேரின் பெயர்களையும் தாத்தா மைப்பேனாவால் எழுதியிருந்தார். அதனால் கொடுக்கும்போதே சொன்னேன்: முதுகில் பசை படக்கூடாது, காகித மூலைகளில் (படத்தின் முனையை மட்டும் பிடிக்கும் சின்ன உறைகள்) செருகி நிறுத்துங்கள், கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. (நம் ஊர் ஈரத்தில் போட்டோவின் ஜெலட்டின் பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது படமும் உரிந்து வரும்.) “தெரியும் சார், ஆசிட் ஃப்ரீ போர்டே இருக்கு, கொஞ்சம் கூட ஆகும்” என்றார் கடைக்காரர். (ஆசிட் ஃப்ரீ என்றால் அமிலம் இல்லாத அட்டை.) சாதா ஃப்ரேமுக்கு 900 ரூபாய் சொன்னவர் இதற்கு 2,400 வாங்கினார். ஆசிட் ஃப்ரீ போர்டு, பசை கிடையாது என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜும் அனுப்பினார். நல்லவேளை, அது இருக்கிறது. பில்லில் ‘போட்டோ ஃப்ரேம் 1’ என்று மட்டும்தான் போட்டிருக்கிறார்.

வந்தபோது படம் பளிச்சென்றுதான் இருந்தது. மழைக்காலம் கழிந்ததும் பாட்டியின் புடவை மேல் காவி நிறத்தில் கறை தெரிந்தது. பூஞ்சை என்றுதான் முதலில் நினைத்தோம். உற்றுப் பார்த்தால் கறை வளைவு வளைவாக, பிரஷ் இழுத்த தடத்திலேயே ஓடியது. பின்னால் இருந்த பிரவுன் டேப்பைக் கிழித்து ஆணிகளைப் பிடுங்கினோம். ஆசிட் ஃப்ரீயும் இல்லை, மூலையும் இல்லை. சாதாரண ஹார்டுபோர்டில் படத்தை முழுசாக ஒட்டி வைத்திருந்தார்கள். செருப்புக்கும் ரெக்ஸினுக்கும் போடுகிற மஞ்சள் ரப்பர் பசை. ஓரத்தில் வழிந்து காய்ந்த இழை நகத்தில் பிசுபிசுவென்று ஒட்டியது.

இந்தப் பசை கடைக்காரர்களுக்கு ஏன் பிடிக்கிறது என்றால், உடனே பிடிக்கும், காகிதத்தைச் சுருக்காது, படம் தட்டையாக உட்காரும். வினை அப்புறம்தான். காற்று பட்டுப் பழுப்பாகி காகிதத்துக்குள் எண்ணெயாக இறங்கும். பிறகு இறுகி எந்தக் கரைப்பானுக்கும் லேசில் மசியாது. பசையில் கந்தகம் இருந்தால் இன்னும் மோசம். கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரியும் உருவமே வெள்ளித் துகள்கள்தான், அதைக் கந்தகம் அரித்துவிடும்.

பழைய ஆவணங்களைச் செப்பனிடும் ஒருவரிடம் காட்டினோம். போர்டைப் பின்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுக்கலாம், கறை போகாது, எழுத்து மிஞ்சுமா என்று சொல்ல முடியாது என்றார். அந்த நான்கு பெயர்களில் இரண்டு அத்தைக்கு நினைவிருக்கிறது. மற்ற இருவரும் யாரென்று கேட்க இப்போது ஆள் இல்லை.

கடைக்குப் போனால், “பழைய படம் சார், அது அப்படித்தான் ஆகும். ஒட்டலைன்னா அலை அலையா வளையும், அப்பவும் நீங்கதான் சண்டைக்கு வருவீங்க” என்றார். வாய்ஸ் மெசேஜை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டினேன். உடனே பழி கடைப் பையன் தலையில் விழுந்தது.

இந்தக் கடைதான் என்றில்லை. வெள்ளைப் பசை மரவேலைக்கு அருமையானது, ஆனால் அதில் ஒட்டிய படத்தைச் சேதமில்லாமல் திரும்ப எடுப்பது நடக்காத காரியம். செல்லோ டேப்பும் டபுள் சைடு டேப்பும் கறை விடும். பைண்டிங் கடை மைதாப் பசை இயற்கையானதுதானே என்பார்கள். பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது வழக்கம், அது காகிதத்துக்கு ஆகாது. கலக்காவிட்டால் காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சி வரும். எம்டிஎஃப் பலகையில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் போடும் லேமினேஷன், ஹீட் பிரஸ் எல்லாம் மறுபடி பிரிண்ட் எடுக்க முடிகிற படத்துக்கு மட்டும். ஒரிஜினலை அதற்குக் கொடுக்காதீர்கள்.

போட்டோவுக்குக் காகித மூலையோ பாலியெஸ்டர் மூலையோ போதும். ஓவியம், வாட்டர் கலர் என்றால் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு சின்ன ஜப்பான் காகிதத் (மெல்லிய, உறுதியான காகிதம்) துண்டுகளை ஒட்டித் தொங்கவிட வேண்டும், அதற்குப் பசையம் (குளூட்டன்) நீக்கிய கோதுமை ஸ்டார்ச் பசை. தேவைப்பட்டால் ஈரப்படுத்தி எடுத்துவிடலாம். மற்ற மூன்று பக்கமும் சும்மா தொங்க வேண்டும், காகிதம் ஈரத்துக்கு விரிந்து சுருங்கும். போர்டை வெட்டிய ஓரத்தில் நடுப்பகுதி வெள்ளையாகத் தெரிவதை மட்டும் வைத்து ஆசிட் ஃப்ரீ என்று நம்பாதீர்கள். பிஹெச் பேனாவால் (அமிலத்தைச் சோதிக்கும் பேனா) ஒரு கோடு போட்டால் அமிலமுள்ள போர்டில் மஞ்சளாக நிற்கும், இல்லாததில் ஊதாவாகும். எந்தப் போர்டு, என்ன பசை என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பின்பக்கத்தை மூடுமுன் வந்து பார்ப்பேன் என்றும் சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற கடை வேண்டாம்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். இவ்வளவு சின்னத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். படம் ஆதாரம் என்பதால் இன்னும் அந்த ஹார்டுபோர்டிலிருந்து பிரிக்கவில்லை. கடைக்காரர் இப்போது 2,400 ரூபாயைத் திருப்பித் தருகிறேன் என்கிறார், நான் எங்கேயும் எழுதக்கூடாதாம்.