சீ.வி. (சுயவிபரக் கோவை) எழுத 12,000 ரூபாய் கொடுக்கலாமா?

தங்கையின் மகள் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து எட்டு மாதமாகிறது. போன வாரம் களுவாஞ்சிகுடிக்கு வந்தவள் தொலைபேசியை நீட்டினாள். "மாமா, கொழும்பில் ஒருவர் 12,000 ரூபாய்க்கு சீ.வி. எழுதித் தருவாராம். கொடுக்கலாமா?" தாய் நகையை அடகு வைத்துப் படிப்பித்த பிள்ளை. அரச சார்பற்ற நிறுவனமொன்றில் ஆட்சேர்ப்புக் குழுவில் பல தடவை இருந்து, கட்டுக்கட்டாக விண்ணப்பங்களை வாசித்தவன் என்ற முறையில் அவளுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அரச வேலையை முதலிலேயே தனியே எடுத்து வைத்துவிடலாம். வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும் பதவிகளுக்கு அநேகமாக அறிவித்தலோடு வரும் மாதிரிப் படிவத்தையே நிரப்ப வேண்டும். கடித உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். பிறகு போட்டிப் பரீட்சை, நேர்முகப் பரீட்சை. அங்கே சீ.வி.யின் அழகுக்கு வேலையே இல்லை. அதற்காக யாருக்கும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

தனியார் துறை, தொண்டு நிறுவனம், வெளிநாடு என்று போகிறவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு: தட்டச்சு செய்து அச்செடுத்துத் தரும் ஊர்க் கொமியூனிகேஷன் கடை, கட்டணம் வாங்கும் எழுத்தாளர், சொந்தக் கை.

கடையில் சில நூறு ரூபாய், அரை மணி நேரம். முன்பு யாருக்கோ அடித்த கோப்பைத் திறந்து, பெயரையும் முகவரியையும் மாற்றி, சாதாரண தரப் பெறுபேறுகளை அட்டவணையில் போட்டு அச்செடுத்துத் தருவார்கள். பக்கத்து ஹோட்டலிலோ கடையிலோ வேலை கேட்க இது போதும். ஆனால் பழைய கோப்பின் எச்சம் ஒட்டிக்கொண்டு வரும். பெண் பிள்ளை ஒருத்தியின் விண்ணப்பத்தில் பால் என்ற இடத்தில் 'ஆண்' என்று இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, உங்கள் அடையாள அட்டை எண் அந்தக் கணினியில் தங்கிவிடுகிறது. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு; அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெண் என்றால் அதனோடு 500 கூட்டியிருக்கும். முகவரியும் தொலைபேசி எண்ணும் அதே பக்கத்தில் இருக்கின்றன. கோப்பை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லுங்கள், கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள்.

கட்டண எழுத்தாளரைக் குறைத்து மதிக்க மாட்டேன். நல்லவர் எழுதுவதற்கு முன் ஒரு மணி நேரம் உங்களிடம் கேள்வி கேட்பார், விளம்பரத்தை அனுப்பச் சொல்வார். பெரிய நிறுவனங்கள் பல, விண்ணப்பங்களை முதலில் மென்பொருளில் போட்டுச் சலிக்கின்றன. பெட்டிக்குள் அடைத்த எழுத்தையும் படமாக வைத்த தகவலையும் அது தவறவிடக்கூடும் என்பது அவருக்குத் தெரியும். வளைகுடாவுக்குப் புகைப்படம் வைப்பது வழக்கம் என்பதும், பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் புகைப்படம், சமயம், திருமண நிலை எதையும் போடக்கூடாது என்பதும் தெரியும். கட்டாரில் பத்து வருடம் மேற்பார்வையாளராக இருந்துவிட்டு வந்தவர், தொண்டு நிறுவன வேலையிலிருந்து கொழும்புக் கம்பனிக்கு மாற நினைப்பவர் போன்றோருக்குச் சொல்ல நிறைய இருக்கும், எதைக் குறைப்பது என்றுதான் தெரியாது. அவர்கள் கொடுக்கும் காசு வீண் போகாது.

ஆனால் கேள்வியே கேட்காமல் எழுதித் தருபவர்களும் இருக்கிறார்கள். கள உத்தியோகத்தர் பதவி ஒன்றுக்கு வந்த விண்ணப்பங்களில் நான்கின் முதல் பந்தி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. நால்வரும் வேறு வேறு ஊர். அதில் ஒரு பொடியனை நேர்முகத்துக்கு அழைத்து, அந்தப் பந்தியில் இருந்த ஒரு சொற்றொடரைக் காட்டி, "தம்பி, இதை நீங்கள் எங்கே செய்தீர்கள்?" என்று கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டான். நான்கு வருடமாக ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தியவன் என்பது பேச்சுக்கொடுத்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பதவிக்குத் தேவைப்பட்டதே அதுதான். சீ.வி.யில் அது ஒரு வரிகூட இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

அதனால்தான் மருமகளைப் பாயில் இருத்தி, "இதுவரை என்ன வேலை செய்திருக்கிறாய்?" என்று கேட்டேன். "ஒன்றும் இல்லை மாமா." தேநீர் குடித்து முடித்த பிறகு இழுத்தாள். "அம்மாவின் மாதர் சங்கத்தில் கணக்கு எழுதினேனே, அது வேலையா?" மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், 38 உறுப்பினர்கள், சுழற்சிக் கடன். மூன்று வருடமாக ஒரு சீ.ஆர். கொப்பியில் சிவப்புக் கோடு போட்டு இவள் எழுதியிருக்கிறாள். தவணை தவறியவர்களின் வீடுகளுக்கு நடந்து போய்ப் பேசியிருக்கிறாள். கணக்காய்வில் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் வரவில்லை. லீசிங் கம்பனியோ வங்கியோ புதிதாகச் சேர்ப்பவரிடம் எதிர்பார்ப்பது வேறென்ன? இவள் வாய் திறக்காமல் கொழும்புக்காரருக்கு இது எப்படித் தெரியும்?

சொந்தக் கையில் எழுதுவதன் பலம் இதுதான். பலவீனம் ஆங்கிலம். பிழை திருத்தத் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டினால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோபாஸ் (Europass) இணையதளத்தில் இலவசமாகவே ஒழுங்கான வடிவம் கிடைக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் மொழியை நன்றாகச் சீராக்கும். ஆனால் செய்யாத வேலையையும் செய்ததாகச் சேர்த்துவிடக்கூடும், வரிக்கு வரி பாருங்கள். தமிழில் விண்ணப்பம் கேட்டிருந்தால் யுனிகோடில் அடியுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த வேர்ட் கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் திறக்கும். அப்படி வந்ததை யாரும் உட்கார்ந்து மாற்றி வாசிக்க மாட்டார்கள்.

என் தீர்ப்பு இது: இப்போதுதான் படித்து முடித்தவர் காசு கொடுக்க வேண்டாம். ஐந்தாறு வருட அனுபவத்தோடு துறையோ நாடோ மாறுபவர் கொடுக்கலாம். கொடுக்குமுன், என்னோடு நேரில் அல்லது தொலைபேசியில் பேசுவீர்களா, எத்தனை தடவை திருத்தித் தருவீர்கள், நானே மாற்றக்கூடிய கோப்பாகத் தருவீர்களா என்று கேளுங்கள். முதற்கேள்விக்கு 'தேவையில்லை, விபரத்தை வாட்ஸ்அப்பில் போடுங்கள்' என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

உங்களைப் பற்றி நிறுவனம் விசாரிப்பதற்காக உறவினரல்லாத இருவரின் பெயரைச் சீ.வி.யின் கடைசியில் போடும்போது அவர்களிடம் சொல்லிவிட்டே போடுங்கள். நாங்கள் அழைத்தபோது "யார், தெரியவில்லையே" என்று சொன்னவர்கள் உண்டு. மருமகள் தன் விரிவுரையாளரையும் சங்கத் தலைவியையும் போட்டிருக்கிறாள். அனுமதி கேட்கப் போனபோது தலைவி பதறிவிட்டாராம். "பிள்ளை, இங்கிலிஷில் கேட்டால் நான் என்ன சொல்வது?" தமிழில்தான் கேட்பார்கள் அக்கா, அந்தக் கொப்பியை மட்டும் பக்கத்தில் வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.