கருவிழிப் புண்: சுரண்டி எடுப்பதா, பயொப்சி செய்வதா?

பெரும்போக வேளாண்மை வெட்டு நடக்கும் காலத்தில், கிழக்கிலங்கையின் படுவான்கரையிலும் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயற்புறங்களிலும் நெற்தாளோ உமியோ கண்ணில் பட்டு, அந்தச் சிறு கீறலிலிருந்து கருவிழிப் புண் உண்டாகும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. பயிர்ப்பொருள் பட்ட கண்ணில் பங்கசுத் தொற்றைச் சந்தேகித்தே ஆகவேண்டும். வெப்பவலய நாடுகளில் பியூசேரியம், அஸ்பெர்ஜில்லஸ் ஆகிய பங்கசுகளே இதற்கு முதன்மைக் காரணிகள். பங்கசுப் புண்ணும் பற்றீரியாப் புண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடும் என்றாலும் இரண்டுக்குமான மருந்துகள் முற்றிலும் வேறானவை என்பதால், கிருமியைக் கண்டறியும் முறைகளுள் எதை எப்போது தெரிவுசெய்வது என்பது பார்வையையே தீர்மானிக்கும் கேள்வியாகிறது.

பரிசோதனை எதுவுமின்றி, அனுபவத்தை வைத்தே துளிமருந்தைத் தொடங்குவதும் ஒரு தெரிவுதான். ஓரத்திலுள்ள சிறிய புண்ணுக்கு அது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழியாகும். நடுவிழியில் உள்ள புண்ணுக்கும், பெரிதாகவோ ஆழமாகவோ உள்ள புண்ணுக்கும், வயலில் நேர்ந்த காயத்துக்கும் அது பொருந்தாது. பாமசியில் தாமாகவே வாங்கி விடும் ஸ்டீரொயிட் துளிமருந்து இன்னும் மோசமானது: சிவப்பும் வலியும் தணிந்து நோயாளி ஆறுதலடையும் நேரத்தில் பங்கசு உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்.

சுரண்டி எடுத்தலே முதலிடம் பெறவேண்டிய முறை என்பது என் உறுதியான மதிப்பீடு. மரத்துப்போகும் துளிமருந்து விட்டு, சிலிட் லாம்பு எனும், கண்ணைப் பெருக்கிக் காட்டும் கருவியின் முன் நோயாளியை அமரவைத்து, புண்ணின் மேலுள்ள சளியையும் இறந்த இழையத்தையும் அகற்றிய பின், அதன் ஓரத்திலிருந்தும் அடியிலிருந்தும் நுண்ணிய கத்தியால் வைத்தியர் மாதிரியைச் சுரண்டி எடுப்பார், சத்திரசிகிச்சைக்கூடம் தேவையில்லை. கண்ணாடித் தகட்டில் பூசிய மாதிரியுடன் 10 சதவீதப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலைச் சேர்த்தால் கலங்கள் கரைந்து, பங்கசு இழைகள் நுணுக்குக்காட்டியில் தெளிவாகத் தென்படும். கிராம் சாயம் பற்றீரியாவைக் காட்டும். இவ்விரண்டின் விடையும் அன்றைக்கே கிடைத்துவிடும். வளர்ப்பு ஊடகத்தில் பற்றீரியா பெரும்பாலும் 24 முதல் 48 மணித்தியாலங்களில் வளர்ந்துவிடும். பங்கசுக்குச் சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை காத்திருக்க நேரிடும். இத்தனை எளிய உபகரணங்களோடு இவ்வளவு விரைவாகப் பதில் தரும் முறை வேறு இல்லை.

ஆயினும் சுரண்டலின் எல்லை புண்ணின் மேற்பரப்போடு முடிந்துவிடுகிறது. மேற்படலம் மூடிக்கொண்டு, தொற்று கருவிழியின் நடுப்படையில் ஆழமாக ஒளிந்திருக்கும்போதும், முன்பே பல துளிமருந்துகள் விட்டு மேலுள்ள கிருமிகள் அழிந்திருக்கும்போதும், எடுத்த மாதிரியில் எதுவும் வளராமற் போகலாம். மாதிரியில் வளரவில்லை என்பது கிருமி இல்லை என்பதற்குச் சான்றாகாது. முடிவு வெறுமையாக வந்து, சிகிச்சைக்கும் புண் பணியாத நிலையில்தான் பயொப்சி, அதாவது இழையத் துண்டொன்றை வெட்டியெடுத்து ஆராயும் முறை, முன்னுக்கு வருகிறது.

பயொப்சியில், 2 முதல் 3 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டக் கத்தியால் புண்ணின் உயிர்ப்புள்ள ஓரத்தில் அளவாக வெட்டி, நடுப்படையிலிருந்து மெல்லிய துண்டொன்றைப் பிரித்தெடுப்பார்கள். கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்பே கொண்டது என்பதையும், புண் அதை இன்னும் மெலிதாக்கியிருக்கும் என்பதையும் எண்ணினால், இந்த வேலையின் நுட்பமும் கண் துளைபடும் அபாயமும் விளங்கும். தழும்பும் பார்வைக் கோணலும் ஏற்படலாம் என்பதால், இயன்றவரை பார்வைக்கு நேரான மையத்தைத் தவிர்த்தே வெட்டுவார்கள். இந்த விலைக்கு ஈடாக, வேறெதனாலும் பெற முடியாத ஒன்று கிடைக்கிறது: கிருமி எந்த ஆழத்தில், எந்த இழையத்தினூடே பரவியிருக்கிறது என்பதை நோயியல் நிபுணர் நேரில் காணலாம். அகந்தமீபா என்ற ஒருகல உயிரியின் கூடுகளும், வளர்ப்பில் எளிதில் தோன்றாத மைக்ரோஸ்போரிடியா என்ற நுண்கிருமியும் இவ்வழியில் அகப்படுவதுண்டு. தொற்றே இல்லாத படிவு நோய்களும் புற்று மாற்றங்களும்கூட இதிலேயே வெளிப்படும். மிக ஆழமான சிறு சீழ்க்கட்டியாயின், பட்டுத் தையல் நூலை அதனூடே செலுத்தி, அந்த நூலையே வளர்ப்புக்கு அனுப்பும் இடைவழியும் உள்ளது.

கொன்போகல் நுணுக்குக்காட்டி கண்ணை வெட்டாமலே பங்கசு இழைகளையும் அகந்தமீபாக் கூடுகளையும் காட்டும். ஆனால் பற்றீரியா அதற்கு எட்டாத அளவு சிறியது, இயந்திரமோ விலை மிகுந்தது. கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை ஹேர்பீஸ் வைரசுக்கு மிகப் பயனுள்ளது. இங்கே நெல்வயற்காரர்கள் அறியவேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. பித்தியம் என்ற நீர்வாழ் உயிரி, தேங்கிய நீரிலும் சதுப்பிலும் வாழ்ந்து, நுணுக்குக்காட்டியில் பங்கசைப் போலவே தோற்றமளிக்கும். எனினும் பங்கசுக்கு உள்ள எர்கொஸ்டெரோல் என்ற கொழுப்புப் பொருள் அதன் கலமென்சவ்வில் இல்லாததால், அந்தப் பொருளைக் குறிவைக்கும் பங்கசு மருந்தான நட்டமைசின் அதற்குச் சரிவரப் பயன்தராது. பங்கசு என்று அறிக்கை வந்தும் மருந்துக்குப் புண் பணியாவிட்டால், பிசிஆர் சோதனையே இரண்டையும் பிரித்துக் காட்ட உதவும்.

பங்கசு என்று அறிவதோடு நில்லாமல் எந்தப் பங்கசு என்று அறிவதற்கும் பயன் உண்டு. தென்னிந்தியாவில் நடத்தப்பட்டு 2013 இல் முடிவு வெளியான மருத்துவச் சோதனையில், வொரிக்கொனசோல் என்ற மற்றொரு பங்கசு மருந்தைவிட நட்டமைசினே சிறந்த பலனைத் தந்தது. பியூசேரியத் தொற்றில் அந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிந்தது. வளர்ப்பிலோ பிசிஆரிலோதான் அந்த இனப்பெயர் உறுதியாகும் என்பதால், பயொப்சித் துண்டு முழுவதையும் போர்மலினில் இட்டுவிடுவது பெருந்தவறு. போர்மலின் கிருமியைக் கொன்றுவிடும். துண்டை இரண்டாக்கி, ஒரு பாதியை மட்டுமே நோயியலுக்காகப் போர்மலினில் இட்டு, மறுபாதியைப் புதிதாகவே நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கவேண்டும். இங்கிருந்து கொழும்பு வீதி வழியே 300 கிலோமீற்றருக்கும் அப்பால் இருப்பதால், நோயாளியை அங்கு அனுப்ப முடிவெடுத்தாலும், இயலுமாயின் முதல் மாதிரியை இங்கேயே சுரண்டி ஊடகத்தில் இட்ட பின் அனுப்புவதே நல்லது. நோயாளியும் தாம் இதுவரை விட்ட துளிமருந்துகள் அனைத்தையும், தாய்ப்பாலோ நந்தியாவட்டைச் சாறோ விட்டிருந்தால் அதையும், வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும்.