"ஜிபிஎஸ் பக்கா ஒர்க்கிங்" என்று 24,500 ரூபாய்க்குத் தலையில் கட்டினார்கள்: பழைய கேமரா வாங்குகிறவர்கள் படியுங்கள்

24,500 ரூபாய். நேற்று சாயங்காலம்தான் கடைசியாகக் கையை விரித்தார்கள். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பழைய கேமராக்களை வாங்கி விற்கும் கடை, ஆன்லைனிலும் விளம்பரம் போடுகிறவர்கள். அதற்கு மேல் அடையாளம் வேண்டாம்.

பொருள்: நிக்கான் பி900. 2015-இல் வந்தது, 83 மடங்கு ஜூம். பறவை பார்க்கிறவர்கள் இன்னும் இதைத் தேடுவதற்கு ஜூம் ஒரு காரணம், எடுத்த இடத்தைப் படத்திலேயே பதிந்துவைக்கும், உள்ளேயே இருக்கும் ஜிபிஎஸ் இன்னொரு காரணம். பின்னால் வந்த பி1000, பி950 இரண்டிலும் அது கிடையாது. போனோடு இணைத்து, இடத்தை அங்கிருந்துதான் வாங்க வேண்டும். இது கடைக்காரருக்கு நன்றாகவே தெரியும். ஜிபிஎஸ் பெயரைச் சொல்லியே மற்ற இடங்களைவிட 3,000 ரூபாய் கூட வைத்திருந்தார்.

ஏமாந்த இடம் எது என்றால், அந்த லேப்டாப். கார்டைச் செருகி ஐந்து படங்களைத் திறந்தார்: கூழைக்கடா, நத்தைகொத்தி நாரை, இப்படி. மேப்பை அழுத்தினார். சிவப்புக் குறி நேராக வேடந்தாங்கல் ஏரிக்கரையில் போய் நின்றது. "பாருங்க சார், கரை மேலயே நிக்குது." வாசலுக்கு வந்து ஒரு தடவை சோதிக்கலாம் என்றால், "கஸ்டமர் வெயிட் பண்றாங்க சார், 7 நாள் செக்கிங் வாரண்டி இருக்கே." அந்தச் சிவப்புக் குறியைப் பார்த்ததும் பணம் கைமாறிவிட்டது.

திறந்த மொட்டைமாடியில், மேலே வானத்தைத் தவிர ஒன்றுமில்லாத இடத்தில், 40 நிமிடம். சிக்னல் இல்லை என்று காட்டும் ஐகான் அப்படியே இருந்தது. அதன் பிறகு கடைக்குப் போன் செய்யும்போதெல்லாம் ஒரு சாக்கு. சிலது பாதி உண்மை, அதுதான் எரிச்சல்.

"ஃபர்ஸ்ட் டைம் லேட் ஆகும் சார்." ஆகும்தான். ரொம்ப நேரம் அணைந்திருந்தாலோ பேட்டரி மாற்றினாலோ கேமரா தன் இடத்தைப் புதிதாகத் தேட வேண்டும். சாட்டிலைட் தன் விவரத்தை விநாடிக்கு 50 பிட் என்று நத்தை வேகத்தில்தான் அனுப்புகிறது. ஒரு சாட்டிலைட்டின் சொந்தப் பாதை விவரம் 30 விநாடிக்கு ஒரு சுற்று வரும். எல்லா சாட்டிலைட்டுகளின் பட்டியலும் முழுசாக இறங்க 12.5 நிமிடம். ஆக மிக மந்தமான ரிசீவர் கூட வெட்டவெளியில் கால் மணி நேரத்துக்குள் பிடித்துவிட வேண்டும். 40 நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் அதற்குப் பெயர் லேட் இல்லை.

"அசிஸ்ட் ஃபைல் போட்டீங்களா?" போட்டாயிற்று. கார்டில் என்சிஎஃப்எல் என்ற ஃபோல்டரில் போட்டு, மெனுவில் அப்டேட் கொடுக்க வேண்டும். இரண்டு வாரம் செல்லும். ஆனால் அந்த ஃபைல் எந்த சாட்டிலைட் எங்கே இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும், அவ்வளவுதான். காது கேட்காதவனுக்கு பஸ் டைம்டேபிள் கொடுத்தால் ஹாரன் கேட்குமா?

"மேகமா இருக்கும் சார்." இந்த சிக்னல் 1575.42 மெகாஹெர்ட்ஸ். மேகமும் மழையும் இதை ஒன்றும் செய்யாது. கான்கிரீட்டும் பஸ்ஸின் தகரக் கூரையும் மறைக்கும், அடர்ந்த ஈர இலையும் கொஞ்சம் இழுக்கும். மொட்டைமாடியில் இதில் எது இருக்கிறது?

எட்டாம் நாள்: "வாரண்டி முடிஞ்சிடுச்சே சார். போன்லயே ஜிபிஎஸ் இருக்கே, அதை யூஸ் பண்ணுங்க." அதற்கா 24,500 ரூபாய்?

பிறகுதான் அவர் கார்டிலேயே விட்டுப்போன அந்த ஐந்து படங்களின் எக்ஸிஃப் விவரத்தை (நேரம், இடம் என்று படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும் தகவல்) திறந்து பார்த்தது. முதல் படம் காலை 7:10, கடைசிப் படம் சாயங்காலம் 5 மணிக்கு மேல். ஐந்திலும் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் கடைசி இலக்கம் வரை ஒன்றே. நிஜ ஜிபிஎஸ்ஸில் ஒரே கல்லின் மேல் ஆடாமல் நின்றாலும் கடைசி இலக்கங்கள் சில மீட்டர் அலையும். ஒரே நிமிடத்தில் எடுத்த படங்களில் ஒன்றாக இருக்கலாம். பத்து மணி நேரம் தள்ளி எடுத்ததில் கிட்டத்தட்ட வாய்ப்பே இல்லை. இன்னொன்று, ஜிபிஎஸ் நேரம் என்ற கட்டமே காலி. கேமரா எழுதியிருந்தால் அங்கே உலக நேரம் இருக்கும். நம்ம 7:10-க்கு 1:40 என்று. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இடத்தை ஒட்டியவர் நேரத்தை ஒட்ட மறந்துவிட்டார்.

சர்வீஸ் பையன் மேல் மூடியைக் கழற்றினதும் விஷயம் தெரிந்தது. மூடி ஏற்கெனவே ஒரு தடவை மாற்றப்பட்டிருக்கிறது, ஆன்டெனா இணைப்பில் பச்சை பூத்திருக்கிறது. தண்ணீர் பட்ட கேமரா.

நல்ல நிலையில் உள்ள கேமராவிலும் ஜிபிஎஸ் ஒன்றும் தெய்வமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டவெளியில் சில மீட்டருக்குள் சரியாகச் சொல்லும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி அடுத்த தெருவில் கொண்டுபோய் நிறுத்தும். சில காம்பாக்ட்கள் (பாக்கெட்டில் அடங்கும் சின்ன கேமராக்கள்) சிக்னல் போனதும் பழைய இடத்தையே எழுதிக்கொண்டிருக்கும். கேனான் 6டியில் ஜிபிஎஸ்ஸை ஆன் செய்து மறந்தால், கேமராவை அணைத்த பிறகும் பேட்டரியைக் குடிக்கும்.

பத்து எச்சரிக்கை எழுதலாம் என்று உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கார்டில் இருக்கும் பழைய படத்தை நம்பாதீர்கள். உங்கள் கார்டைப் போட்டு, வெளியே நின்று, 15 நிமிடம் காத்து, நூறு மீட்டர் தள்ளித் தள்ளி நாலு படம் எடுத்துப் பாருங்கள். மேல் மூடி ஸ்க்ரூவின் தலை தேய்ந்திருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மாடல் எழுத்தைப் பாருங்கள்: கேனான் எஸ்எக்ஸ்230-இல் ஜிபிஎஸ் உண்டு, எஸ்எக்ஸ்220-இல் இல்லை, 260-இல் உண்டு, 240-இல் இல்லை. பார்க்க ஒவ்வொரு ஜோடியும் ஒரே மாதிரி இருக்கும். "ஜிபிஎஸ் வேலை செய்கிறது" என்று பில்லில் பேனாவால் எழுதி வாங்குங்கள். என் பில்லில் "யூஸ்டு கேமரா - 1" என்று மட்டும்தான் இருக்கிறது. பக்கத்தில் 24,500.